விழாமலே அறுந்த தசைநாண்: ஆஸ்பத்திரித் துண்டில் என்ன எழுதப்படுகின்றது?

வேளாண்மை வெட்டி முடிந்து கை கழுவும்போது பெருவிரல் நிமிரவில்லை. விழவும் இல்லை, அடிபடவும் இல்லை, தாக்கத்தி படவும் இல்லை. நோவும் பெரிதாக இல்லை. "விறைப்பாக்கும், விடிந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகின்றோம். ஒரு கிழமை போகின்றது, இரண்டு கிழமை போகின்றது. விரல் தொங்கியபடியே இருக்கின்றது. இப்படியான ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே என்ன எழுதப்படுகின்றது, அந்த எழுத்து பின்னர் எங்கெல்லாம் போகின்றது, அதிலே எமது பங்கு என்ன என்பவற்றை இங்கு விளக்க முயல்கின்றோம்.

இது அடிக்கடி வரும் வருத்தம் அல்ல. என்றாலும் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. தானாக அறுந்த தசைநாணுக்குக் காரணம் பெரும்பாலும் பழைய கதை ஒன்றிலேதான் இருக்கும்: முன்பு முறிந்த மணிக்கட்டு, பல வருடமாக உள்ள மூட்டுவாதம், நெடுநாள் உட்கொண்ட குளிசை. அந்தக் கதையைச் சொல்லும் கிளினிக் கொப்பியும் எக்ஸ்றேப் படமும் 1990இலோ, 2006–2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஓடியபோதோ, 2004 கடல்கோளிலோ போய்விட்டன. வீட்டுக்கு வந்தோம், காணிக்கு வந்தோம், கடதாசிகள் வரவில்லை. ஆகவே வைத்தியருக்கு முன்னால் இருக்கும் ஒரே பழைய பதிவேடு எமது வாய்தான்.

நரம்பு அல்ல, தசைநாண்

முன்கையின் தசைகள் முழங்கைக்குக் கீழே சதையாகத் தொடங்கி, மணிக்கட்டை நெருங்கும்போது வெண்மையான கயிறுகளாக மாறி விரல்களுக்குப் போகின்றன. இந்தக் கயிறே தசைநாண். புறங்கைப் பக்கமாகப் போகும் கயிறுகள் விரல்களை நிமிர்த்தும். உள்ளங்கைப் பக்கமாகப் போவன மடக்கும். கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவதுபோல இவை மணிக்கட்டு எலும்பின்மேல் ஓடுகின்றன. பெருவிரலை நிமிர்த்தும் நீண்ட தசைநாண், எலும்பின் முதுகிலுள்ள ஒரு சிறு மேட்டைச் சுற்றித் திரும்பிப் போகின்றது. கப்பி கரடுமுரடானால் கயிறு தேயும் என்பதை விவசாயிக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஊர்ப் பேச்சில் இதையும் 'நரம்பு' என்றே சொல்கின்றோம். "கை நரம்பு அறுந்திட்டுது டொக்டர்" என்று சொன்னால், தமிழ் தெரியாத வைத்தியருக்கு அதை மொழிபெயர்ப்பவர் மூளையிலிருந்து வரும் உணர்வு நரம்பு என்றே மொழிபெயர்க்கக்கூடும். நரம்பு பாதிக்கப்பட்டாலும் விரல் தொங்கும். ஆனால் இரண்டும் வேறு நோய்கள். சிகிச்சையும் வேறு, எழுதப்படும் எண்ணும் வேறு. வைத்தியர்கள் ஒரு எளிய வழியால் பிரித்தறிவார்கள். மணிக்கட்டைக் கீழே மடக்கும்போது, தசைநாண் அறாமல் இருந்தால் விரல்கள் தாமாகவே சற்று நிமிரும், அறுந்திருந்தால் நிமிராது. முடிவைச் சொல்வது வைத்தியரின் வேலை. எமது வேலை, 'நரம்பு' என்ற சொல்லைத் தவிர்த்து, "இன்ன விரலை நிமிர்த்த ஏலாது" அல்லது "மடக்க ஏலாது" என்று கண்டதைச் சொல்வது.

ஏன் தானாக அறுகின்றது?

முதலாவது, மூட்டுவாதம். றூமற்றொயிட் எனப்படும் வகை மணிக்கட்டு மூட்டை அரித்து, எலும்பின் ஓரத்தை வாள்ப்பல்போல ஆக்கிவிடும். அதன்மேல் ஓடும் தசைநாண் நாளாந்தம் தேய்ந்து ஒருநாள் அறும். மணிக்கட்டில் தேய்ந்த மூட்டு இப்படித் தசைநாண்களை அறுக்கும் என்பதை வோன்-ஜாக்சன் என்ற ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர் 1948இல் இரண்டு நோயாளிகளை வைத்து விளக்கினார். இன்றும் அந்த நிலைக்கு அவருடைய பெயரே வழங்குகின்றது. இதில் கவனிக்க வேண்டியது வரிசை: பெரும்பாலும் முதலில் சின்னவிரல், பின் மோதிரவிரல், பின் நடுவிரல். சின்னவிரல்தானே என்று ஒரு போகம் முழுவதும் விட்டுவைப்பவர், அடுத்த போகத்திற்குத் தாக்கத்தி பிடிக்க முடியாமல் போகலாம்.

இரண்டாவது, பழைய முறிவு. கை ஊன்றி விழுந்து மணிக்கட்டுக்கு மேலே எலும்பு வெடித்தவர்களுக்கு, சில கிழமைகளோ சில மாதங்களோ கழித்துப் பெருவிரலை நிமிர்த்தும் தசைநாண் அறுவதுண்டு. எலும்பு இடம் மாறாமல் சிறிதாக வெடித்தவர்களிடமே இது கூடுதலாகக் காணப்படுகின்றது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அவ்வாறான முறிவில் தசைநாணைச் சுற்றியுள்ள உறை கிழியாமல் இருப்பதால், உள்ளே வீக்கம் அடைபட்டு இரத்த ஓட்டம் குறைகின்றது என்று விளக்கம் கூறுவர். "சின்ன வெடிப்புத்தான்" என்று பரியாரியாரிடம் பத்துப் போட்டு ஆற்றியவர்களும், மாக்கட்டை வெட்டிய கையோடு வயலுக்கு இறங்கியவர்களும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும் ஒரு காரணமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்யப் படையின் மேளகாரர்களுக்குப் பெருவிரல் தொங்கிப்போவதைப் படை வைத்தியர்கள் கண்டார்கள். அதை முதலில் வாதம் என்றே எண்ணினார்கள். பின்னரே தசைநாண் அறுந்தது என்று தெரியவந்தது. 'நரம்பு' குழப்பம் எமக்கு மட்டும் உரியதல்ல.

பிறகு, மருந்துகளும் வேறு நோய்களும். இழுப்புக்கோ மூட்டு நோவுக்கோ நெடுங்காலம் உட்கொள்ளும் பிரெட்னிசொலோன் குளிசை, மணிக்கட்டில் ஏற்றிய ஸ்டீரொயிட் ஊசி, நீரிழிவு, சிறுநீரக வருத்தம் ஆகியன தசைநாணைப் பலவீனப்படுத்தலாம். சிப்ரொபுளொக்சசின் போன்ற கிருமிகொல்லி மருந்துகளால் தசைநாண் அறும் ஆபத்து உண்டென 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் மருந்துப் பெட்டியிலேயே எச்சரிக்கை இடச் செய்தது. அது பெரும்பாலும் குதிகால் தசைநாணையே தாக்கும். அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கும் ஸ்டீரொயிட் எடுப்போருக்கும் ஆபத்து கூட. இதை வாசித்துவிட்டு எவரும் தமது குளிசையைத் தாமாக நிறுத்த வேண்டாம். எந்தக் குளிசை என்பதை வைத்தியருக்குச் சொன்னால் போதும்.

ஒரு சொல், இரண்டு கொப்பிகள்

நோயாளி வார்டில் அனுமதிக்கப்பட்டதும் அவருக்கு ஒரு கட்டில் துண்டு எழுதப்படும். 'பி.எச்.ரி.' என்று தாதிமார் சொல்வது இதைத்தான். வீட்டுக்குப் போகும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டை அதன் சுருக்கம். நாம் போன பிறகு கட்டில் துண்டு ஆவண அறைக்குப் போகும். அங்குள்ள உத்தியோகத்தர் வைத்தியர் எழுதிய நோயின் பெயரை வாசித்து, அதற்குரிய சர்வதேச எண்ணைப் போடுவார். அந்த எண்கள் கொழும்பில் சுகாதார அமைச்சின் வைத்தியப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகின்றன. அந்த உத்தியோகத்தர் எம்மைப் பார்ப்பதில்லை. எழுதிய சொல்லை மட்டுமே பார்க்கின்றார்.

இந்தச் சர்வதேச எண்கள் 1893இல் பாரிஸ் நகரத்துப் புள்ளிவிபர அறிஞர் பெர்ட்டிலோன் தயாரித்த மரணக் காரணங்களின் பட்டியலிலிருந்து வளர்ந்தவை. பத்தாவது திருத்தத்தை உலக சுகாதாரப் பேரவை 1990 மே மாதம் ஏற்றுக்கொண்டது. (அடுத்த மாதமே எமது மாவட்டத்தில் யுத்தம் மீண்டும் மூண்டு, நாம் ஊர்களை விட்டு ஓடினோம்.) பதினோராவது திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, ஆயினும் கீழே சொல்லப்படும் எண்கள் பத்தாவதில் உள்ளவை.

பத்தாவது திருத்தத்தில் தசைநாண் அறுதலுக்கு இரண்டு இடங்கள் உண்டு. 'எம்' என்ற எழுத்தின் கீழ் எலும்பு, மூட்டு, தசை நோய்கள் வரும். தானாக அறுந்தது எம் 66. 'எஸ்' என்ற எழுத்தின் கீழ் காயங்கள் வரும். முன்கைத் தசைநாண் காயம் எஸ் 56, மணிக்கட்டிலும் கையிலும் என்றால் எஸ் 66. இரண்டையும் பிரிக்கும் விதியை எமது பாஷையில் சொல்வதானால் இப்படி: உக்கிய கயிறு வழமையான வாளியைத் தூக்கும்போது அறுந்தால் அது 'எம்'. நல்ல கயிறு, மாடு வெருண்டு இழுத்து அறுந்தால் அது 'எஸ்'. வலுக் குறைந்த தசைநாணில் சாதாரண விசை ஒன்று. நல்ல தசைநாணில் அசாதாரண விசை மற்றது.

எம் 66க்குள் நிமிர்த்தும் தசைநாண் என்றால் 66.2, மடக்கும் தசைநாண் என்றால் 66.3. எந்தத் தசைநாண் என்று எழுதப்படாவிட்டால் 66.5. அதன் பின்னால் இடத்தைக் காட்ட ஓர் இலக்கம் சேர்க்கலாம்: முன்கைக்கு 3. மணிக்கட்டு மூட்டும் இதற்குள் அடங்கும். கைக்கு 4. எனவே முன்கையில் தானாக அறுந்த நிமிர்த்தும் தசைநாண் எம் 66.23 ஆகும். அமெரிக்காவில் வலது, இடது என்பதற்கும் மேலதிக இலக்கம் சேர்க்கின்றார்கள்: வலதுக்கு 1, இடதுக்கு 2. உலக சுகாதார நிறுவனத்தின் எண்ணில் வலது இடது இல்லை. ஆகவே எந்தக் கை என்பது வைத்தியரின் வசனத்தில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே பிற்காலத்தில் தெரியும்.

இனி முக்கியமான விடயம். 'தசைநாண் அறுந்தது' என்று மட்டும் எழுதப்பட்டு, 'தானாக' என்ற சொல் இல்லாவிட்டால், எண் புத்தகத்தின் அகரவரிசை அதைக் காயமாகவே எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு சொல் விடுபட்டால் மூட்டுவாதக்காரர் காயக்காரராகிவிடுகின்றார். எண் மாறுவது கொழும்புக் கணக்கை மட்டும் கெடுக்கும் என்று நினைக்கக் கூடாது. அட்டையில் 'காயம்' என்று கண்ட அடுத்த வைத்தியர் மூட்டுவாதத்துக்கு இரத்தம் சோதிக்க நினைக்கமாட்டார். மோதிரவிரலும் போன பிறகே நினைப்பார்.

இன்னொன்று: இந்தக் கணக்கு வார்டில் தங்கியவர்களைப் பற்றியது மட்டுமே. வெளிநோயாளர் பிரிவில் நோவுக் குளிசை வாங்கிக்கொண்டு தோணியிலோ பஸ்ஸிலோ திரும்பிய ஆளின் விரல் எந்தக் கணக்கிலும் இல்லை.

'விழுந்தேன் என்று சொல்லு'

ஊரில் இப்படியும் ஆலோசனை சொல்வோர் உள்ளனர்: "வரம்பில் சறுக்கி விழுந்தேன் என்று சொல்லு, நட்டஈடு எடுக்கலாம்." இதைப்பற்றி எமது கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றோம். விழாதவர் விழுந்தேன் என்று சொல்லக்கூடாது. பொய் என்பது ஒரு காரணம். அதற்கு மேலும் காரணம் உண்டு. சத்திரசிகிச்சையின்போது தேய்ந்து அறுந்த தசைநாணின் நுனி பழைய கயிற்று நுனிபோல நார்நாராக இருக்கும். வைத்தியர் அதைக் கண்டு எழுதிவிடுவார். ஒரே ஆளுக்கு ஒரு கடதாசியில் காயம், மற்றக் கடதாசியில் தேய்வு என்று இருந்தால், நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் கிடைக்காது.

ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. உண்மையாகவே விழுந்தவர், இரண்டு மாதத்துக்கு முன்பு நடந்ததால் அதைச் சொல்லாமல் விடுகின்றார். நெல் ஆலையில் கூலிவேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூட்டையோடு சறுக்கி விழுந்து மணிக்கட்டு வெடித்தது, மாக்கட்டுப் போட்டார், வெட்டினார், வேலைக்குத் திரும்பினார், பத்தாம் கிழமை பெருவிரல் தொங்கியது. "என்ன நடந்தது?" என்று கேட்க, "ஒன்றும் நடக்கவில்லை, தானாகவே இப்படி" என்கின்றார். துண்டில் 'தானாக அறுந்தது' என்று மட்டும் விழுகின்றது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போதும் வேலை காரணமாகவும் நேர்ந்த விபத்துக் காயத்துக்கு முதலாளி நட்டஈடு தரவேண்டும் என்கின்றது. அந்தத் துண்டைக் காட்டினால், "இது விபத்தல்லவே, வருத்தம்தானே" என்று முதலாளி சொல்வது எளிது. ஆனால் 'இன்ன திகதி வேலையில் விழுந்து முறிந்த மணிக்கட்டின் பின்விளைவாக அறுந்தது' என்று எழுதப்பட்டிருந்தால் கதை வேறு. கைமுறிவின் பின்விளைவு என்பதற்குச் சர்வதேசப் பட்டியலிலேயே தனி எண் இருக்கின்றது: ரி 92.1. தானாக அறுந்தது என்பதும் உண்மை, பழைய முறிவால் அறுந்தது என்பதும் உண்மை. இரண்டும் எழுதப்பட வேண்டும்.

யுத்த காலத்தில் கை முறிந்தவர்களுக்கும் இதுவே பொருந்தும். அக்காலத்தில் 'றெப்பியா' என்று நாம் அறிந்த புனர்வாழ்வு அதிகாரசபையின் இடத்தில், 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி இழப்பீட்டுக்கான அலுவலகம் அமைந்தது. பழைய சம்பவத்துக்கும் இன்றைய கைக்கும் உள்ள தொடர்பை வைத்தியர் எழுதியிருந்தாலொழிய, அதை விண்ணப்பத்தில் நாமாக எழுதுவதில் பயன் குறைவு. கிடைத்தே தீரும் என்று எவருக்கும் நாம் உறுதி கூறவில்லை.

சொந்தக் காணியில் செய்பவருக்கு முதலாளி இல்லை. ஆகவே வேலையாட்கள் சட்டம் இல்லை. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வந்த விவசாயிகளின் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சந்தா கட்டியவர்களுக்கு, நிரந்தர அங்கவீனத்துக்கான நன்மை உண்டு. சந்தாக் கொப்பி வைத்திருப்போர் கமநல சேவை நிலையத்தில் விசாரிக்கவும். அங்கும் கேட்கப்படுவது வைத்திய அறிக்கையே. எந்த விரல், எந்தக் கை, எவ்வளவு அசையும், இனித் தேறுமா என்பவை அதில் இருக்க வேண்டும்.

வைத்தியரிடம் எப்படிச் சொல்வது?

வெளிநோயாளர் வரிசையில் எமக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. வீட்டிலேயே யோசித்து, படித்த பிள்ளை ஒன்றைக்கொண்டு ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போவது நல்லது. ஒரு தாய் சொல்வதாக இருந்தால் இப்படி இருக்கலாம்:

"டொக்டர், எனக்கு இடது கைப் பெருவிரலை நிமிர்த்த ஏலாது. தைப்பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், பானை தூக்கக்குள்ள 'டக்'கென்று ஒரு சத்தம். அதுக்குப் பிறகுதான் இப்படி. அன்றைக்கு விழவில்லை, அடிபடவில்லை. கார்த்திகை மாதம் கிணற்றடியில் வழுக்கி இந்தக் கை ஊன்றி விழுந்தனான். பரியாரியார் ஆறு கிழமை கட்டினவர். எக்ஸ்றே எடுக்கவில்லை. மூட்டு நோவுக்கு இந்தக் குளிசை இரண்டு வருடமாகப் போடுறன். சீனி வருத்தம் இல்லை. நான் இடது கையாலதான் வேலை செய்யிறது."

இதில் தேவையான அனைத்தும் இருக்கின்றது. கடைசி வசனத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். வேலை செய்யும் கை எது என்பது சிகிச்சைத் தீர்மானத்துக்கும் அங்கவீன மதிப்பீட்டுக்கும் வேண்டியது. பரியாரியாரிடம் காட்டியதைச் சொல்ல வெட்கப்படவும் வேண்டாம். பேசினால் பேச்சு வாங்கலாம். மறைத்தால் முறிவு ஒன்று நடந்ததே எவருக்கும் தெரியாது. குளிசையின் பெயர் தெரியாவிட்டால் வெற்று அட்டையையாவது கொண்டுபோங்கள்.

எழுதி முடிந்ததும், "டொக்டர், என்ன எழுதினீங்கள் என்று ஒருக்கா சொல்லுங்கோ" என்று கேட்கலாம். அது மரியாதைக் குறைவல்ல. எழுத்து ஆங்கிலத்தில் இருப்பதால், எந்தக் கை, எந்த விரல், எப்போது முதல், பழைய முறிவு ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று கேட்டறிவது எமது உரிமை. வைத்தியர் சிங்களம் பேசுபவராக இருந்தால் தாதியிடம் உதவி கேளுங்கள்.

சுணக்கம் வேண்டாம். இப்படி அறுந்த தசைநாணை நேரே தைத்து ஒட்டுவது பெரும்பாலும் முடியாது. நுனிகள் தேய்ந்து, சுருங்கி, தூரம் போயிருக்கும். பெருவிரலுக்கானால், சுட்டுவிரலை நிமிர்த்த இருக்கும் இரண்டு தசைநாண்களில் ஒன்றை எடுத்துப் பெருவிரலுக்கு மாற்றித் தொடுப்பார்கள். இரட்டை மாட்டில் ஒன்றை அவிழ்த்து மற்ற வண்டியில் பூட்டுவதுபோல. சுட்டுவிரல் மற்றத் தசைநாணால் நிமிரும். பிறகு சில கிழமைகள் கட்டு, அதன்பின் பயிற்சி. அந்தக் காலத்தில் மண்வெட்டி பிடிக்க முடியாது என்பதால், பெரும்போக வெட்டுக்கு முன்னா பின்னா என்பதை வைத்தியரோடு பேசிக்கொள்ளலாம். மூட்டுவாதக்காரர் மட்டும் அப்படிப் பார்த்திருக்கக்கூடாது.

படுவான்கரையில் உள்ளவர்கள் முன்பு பாதையேறி வாவியைக் கடந்து மட்டக்களப்புக்கு வரவேண்டியிருந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு தூரம் ஒரு நியாயமாக இல்லை. கிராமத்து வைத்தியசாலையில் காட்டி, போதனா வைத்தியசாலைக்கு அனுப்பும் கடிதம் வாங்கிக்கொண்டு செல்லுங்கள். அந்தக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு வராமல், கொடுக்கும் முன் ஒரு பிரதி எடுங்கள்.

பழைய கட்டில் துண்டு வேண்டுமென்றால், வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறருடைய வைத்தியப் பதிவுகளைத் தரவிடாது; உங்களுடையதை, உங்கள் எழுத்துமூலச் சம்மதத்தோடு கேட்கலாம். ஆவண அறையில் தேடுபவருக்கு வேண்டியவை மூன்று: அனுமதித்த திகதி, வார்டு இலக்கம், கட்டில் துண்டு இலக்கம். அந்த இலக்கம் உங்கள் நோய் நிர்ணய அட்டையின் மேற்பகுதியில் இருக்கும். வீடு வந்த அன்றே அதைத் தொலைபேசியில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவையுங்கள். அட்டையைப் பொலித்தீன் பையில் இட்டு, காணி உறுதியும் அடையாள அட்டையும் இருக்கும் அதே பையில் வையுங்கள். வெள்ளமோ வேறெதுவோ வந்து ஓடவேண்டி வந்தால் முதலில் கையில் எடுப்பது அந்தப் பையைத்தானே.